18 மீட்டரில் 25 நிமிடம்

அமெரிக்காவின் டெக்சஸ் கரையிலிருந்து 160 கிலோமீட்டருக்கு அப்பால், மெக்சிகோ வளைகுடாவில் ஃப்ளவர் கார்டன் பேங்க்ஸ் பவளத்திட்டுகள் இருக்கின்றன. 1992-இல் தேசியக் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு, 2021-இல் 145 சதுர கிலோமீட்டரிலிருந்து 414 ஆக விரிந்தது. கிழக்கு, மேற்குத் திட்டுகளின் உச்சிப் பகுதியில் உயிருள்ள பவளம் பல பத்தாண்டுகளாக 50 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்துவந்துள்ளது. கரீபியனின் பல பவளப்பாறைகளில் இது 20 விழுக்காடுகூட இல்லை. கரையோர ஸ்கூபா டைவ் மட்டுமே பார்த்த புதியவருக்கு அங்கே மூழ்கச் செல்லும் பயணம் கனவாக இருப்பதில் வியப்பில்லை.

10 நாட், அதாவது மணிக்கு 18.5 கிலோமீட்டர் வேகத்தில் படகு சென்றால் 160 கிலோமீட்டருக்கு 8.6 மணி நேரம் ஆகும். ஓர் இரவு முழுக்கப் பயணம்.

திட்டின் மிக மேலான பகுதியே சுமார் 17 முதல் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முதல்நிலை டைவிங் சான்றிதழ் பெற்றவருக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லையும் 18 மீட்டர். பவளம் தொடங்கும் ஆழத்திலேயே அவருடைய எல்லை முடிந்துவிடுகிறது. கணக்கு முழுவதும் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் 2,220 லிட்டர் காற்று அதில் அடங்கும். 50 பார் மிச்சத்துடன் படகேற வேண்டும் என்பதால் 555 லிட்டரைத் தொடக்கூடாது. செலவழிக்க இருப்பது 1,665 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், அழுத்தம் 2.8 பாராக உள்ள 18 மீட்டரில் 56 லிட்டர் செலவிடுவார். இறங்க 2 நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற்றம், 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம் ஆகியவற்றுக்குச் சுமார் 242 லிட்டர். மீதி 1,423 லிட்டர். அடியில் 25 நிமிடம்.

அதே ஆள், அதே சிலிண்டருடன் கரையோரம் 9 மீட்டரில் மூழ்கினால் ஏறத்தாழ 40 நிமிடம் கிடைக்கும். நிமிடத்துக்கு 14 லிட்டரில் சுவாசிக்கும் அனுபவசாலிக்கு 18 மீட்டரில் 38 நிமிடம். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, பதற்றத்தில் 30 லிட்டருக்கு ஏறினால் 15 நிமிடம். உடலில் கரையும் நைட்ரஜனை வைத்து ‘பாடி’ பயிற்சி அமைப்பின் அட்டவணை முதல் டைவுக்கு இதே ஆழத்தில் அனுமதிப்பது 56 நிமிடம். ஆக, புதியவரை முதலில் மேலே அனுப்புவது நைட்ரஜன் அல்ல, காற்று. அனுமதித்த நேரத்தில் 45 விழுக்காடுதான் அவர் கைக்கு வருகிறது.

இந்த 20 லிட்டர் என் அனுமானம். அவரவர் எண்ணை அவரவர்தான் அளக்க வேண்டும். 10 மீட்டரில் 10 நிமிடம் நிதானமாக நீந்தி, அளவியில் 40 பார் குறைந்தால் 444 லிட்டர் செலவு. அதை 10 நிமிடத்தாலும், அந்த ஆழத்தின் 2 பார் அழுத்தத்தாலும் வகுத்தால் 22.2 லிட்டர். கரையோரத்திலேயே இதை இரண்டு மூன்று முறை செய்து பார்க்காமல் படகேறுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு கணக்கு எடை. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். 1,665 லிட்டர் செலவானால் சிலிண்டர் 2 கிலோ இலேசாகிறது. மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடையை முழு சிலிண்டருடன் சரிபார்த்தவர் கடைசி 3 நிமிட நிறுத்தத்தில் மேலே மிதந்துவிடக்கூடும். அப்போது பவளத்தரை அவருக்கு 12, 13 மீட்டர் கீழே இருக்கும். பிடித்துக்கொள்ளப் படகு கட்டியிருக்கும் மிதவையின் கயிறு மட்டுமே. ஆகவே ஈயத்தை 50 பாரில், 5 மீட்டரில் சரிபார்க்க வேண்டும்.

வீடு திரும்பவும் ஒரு கணக்கு உண்டு. பல டைவ்களுக்குப் பின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு. கடைசி டைவ் நண்பகலில் முடிந்து படகு உடனே புறப்பட்டால் கரை சேர இரவு 8:40 ஆகும். விமானம் மறுநாள் காலை 6 மணிக்கு முன் கூடாது.