இற்றைப்படுத்தலும் பிழைச்செய்தியும்

நுழையும்முன்

கணினித் திரையில் தோன்றும் பிழைச்செய்தியைப் படிக்காமலே மூடிவிடுவது பலருடைய வழக்கம். லினக்ஸ் இயங்குதளத்தில் அச்செய்திதான் பழுதின் இடத்தைச் சுட்டுகிறது. அதைப் படித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்டு பல இயங்குதளங்கள் தோன்றின. 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. அதன்மீது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதே பாஸ் லினக்ஸ். தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றிருந்தது.

இவ்வகை இயங்குதளங்களில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்படுகின்றன. அவற்றைத் தேடி எடுத்து நிறுவும் கருவி பொதி மேலாளர். டெபியன் வழிவந்தவற்றில் அதன் பெயர் ஆப்ட். விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியில் வாழ்வோர்க்கு இவ்வமைப்பை எளிதில் சொல்லிவிடலாம். பிளவக்கல் அணையின் நீரைக் கண்மாய்கள் தேக்கி வயலுக்குத் தருவதுபோல, தலைமைக் களஞ்சியத்தின் பொதிகளை உலகெங்கும் உள்ள நகல் களஞ்சியங்கள் பெற்று, அருகிலுள்ள கணினிகளுக்கு அளிக்கின்றன.

‘ஆப்ட் அப்டேட்’ என்னும் கட்டளை எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. களஞ்சியத்தில் உள்ளவற்றின் பட்டியலை மட்டுமே கொண்டுவருகிறது. பொதிகளைப் புதுப்பிப்பது ‘ஆப்ட் அப்கிரேட்’. இவ்வேறுபாடு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பூட்டு பற்றிய செய்தி வந்தால், வேறொரு நிரல் அதே வேளையில் பொதிகளைக் கையாள்கிறது என்பது பொருள். சற்றுப் பொறுத்திருந்தால் போதும். பூட்டுக் கோப்பை அழித்துவிடுமாறு சிலர் அறிவுரை கூறுவர். இருவர் ஒரே கணக்கேட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன நேருமோ அதுவே அப்போது நேரும். நிறுவும்போது மின்சாரம் தடைப்பட்டிருந்தால், பாதியில் நின்ற பணியை ‘டிபிகேஜி’ என்னும் அடிப்படைக் கருவியின் ‘கன்பிகர்’ கட்டளை முடித்துவைக்கும்.

பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஒரு செய்தி சிலபோது வரும். இணைய இணைப்பு நன்றாக இருக்கும், களஞ்சியமும் இயங்கும். பிழை கணினியின் கடிகாரத்தில் இருக்கும். தாய்ப்பலகையில் உள்ள காசளவு மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தியதும் கணினி நாளை மறந்து பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அந்தக் கணினிக்கு இன்று வெளியான பட்டியல் எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றும். ஆகவே ஏற்க மறுக்கும். நாளையும் நேரத்தையும் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் பிழை மறையும். நெடுநாள் பூட்டிக்கிடந்த ஆய்வகக் கணினிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

கையொப்பம் பற்றிய பிழை இதனினும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு எண் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்கள் பட்டியலில் உள்ளன. பட்டியலின் சரிபார்ப்பு எண் தலைமைக் கோப்பில் உள்ளது. தலைமைக் கோப்பில் களஞ்சியத்தார் மின்கையொப்பம் இடுகின்றனர். அக்கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுத் திறவுகோல் நம் கணினியில் இருக்கிறது. இதனால் இடையிலுள்ள நகல் களஞ்சியத்தை நாம் நம்ப வேண்டிய தேவையே இல்லை. அங்கே ஒருவர் பொதியை மாற்றிவைத்தாலும் எண் பொருந்தாமல் ஆப்ட் நின்றுவிடும். முன்பின் அறியாதவர் கொண்டுவந்த கடிதத்தையும் முத்திரை உடையாதிருந்தால் நாம் ஏற்பதில்லையா?

‘நோ பப்கீ’ என்று திரையில் தோன்றினால், சோதிப்பதற்குரிய திறவுகோல் கணினியில் இல்லை என்று அறியலாம். களஞ்சியத்தார் பழைய திறவுகோலை மாற்றியிருக்கலாம். அவர்களது அதிகாரப்பூர்வத் திறவுகோல் பொதியைப் பெற்று நிறுவுவதே முறை. சோதனையே வேண்டா என்று அமைப்பை மாற்றிவிடும் குறுக்குவழியும் உண்டு. அது பிழையை நீக்குவதன்று, காவலை நீக்குவது. உள்நுழைவு கேட்கும் பொது வைஃபையில் இணைந்திருந்தாலும் கையொப்பப் பிழை வரும். பட்டியல் கேட்ட ஆப்டுக்கு உள்நுழைவுப் பக்கம் வந்துசேர்வதே காரணம்.

பழைய மடிக்கணினிகளில் ‘404’ என்னும் எண்ணும் காணப்படும். கேட்ட கோப்பு அந்த முகவரியில் இல்லை என்பது அதன் பொருள். டெபியன் தன் பழைய வெளியீடுகளை ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிடும். முகவரிக் கோப்பில் அவ்விடத்தைக் குறித்தால் பழைய பொதிகள் கிடைக்கும். ஆனால் அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வாரா. கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, அக்கணினியின் நினைவகம் தாங்கக்கூடிய புதிய வெளியீட்டை நிறுவுவதே தக்கது.