சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்

சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட் என்பது மும்பையைச் சேர்ந்த இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982 ஆம் ஆண்டில் பதிவு செய்த மின்னணு இசைத்தொகுப்பு ஆகும். பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசர் கொண்டு வாசித்த இத்தொகுப்பை இந்திய கிராமபோன் நிறுவனம் எச்.எம்.வி. முத்திரையில் இசைத்தட்டாக வெளியிட்டது. வெளிவந்த காலத்தில் பெரிதாக விற்பனையாகாத இத்தட்டு, 2010 இல் மறுவெளியீடு கண்ட பின்னரே உலக அளவில் அறியப்பட்டது. பின்னாளில் சிகாகோ நகரில் தோன்றிய 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசையுடன் இதன் ஒலி ஒத்திருப்பதே அதற்குக் காரணம்.

பின்னணி

சரண்ஜித் சிங் 1940 இல் பிறந்தவர். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் பேஸ் கிட்டார், விசைப்பலகை முதலிய கருவிகளை வாசித்து வந்தார். ஆர். டி. பர்மன் உள்ளிட்ட இசையமைப்பாளர்களிடம் பணியாற்றியுள்ளார். திரைப்படப் பாடல்களைக் கருவியிசையாக வாசித்து இசைத்தட்டுகளும் வெளியிட்டார்.

1980களின் தொடக்கத்தில் டிஸ்கோ இசை இந்தியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. குர்பானி (1980) படத்தில் நாசியா ஹசன் பாடிய பாடலும், பித்து தயாரிப்பில் அவர் வெளியிட்ட டிஸ்கோ தீவானே (1981) தொகுப்பும், பப்பி லஹரி இசையமைத்த டிஸ்கோ டான்சர் (1982) படமும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இதே காலத்தில் பிரித்தானியாவில் ஹ்யூமன் லீக், டிபெச் மோட் போன்ற குழுக்கள் சிந்தசைசரை முதன்மைக் கருவியாகக் கொண்ட 'சிந்த்-பாப்' பாடல்களை வெளியிட்டு வந்தன. திரைப்படங்களில் டிஸ்கோ மிகுந்திருந்த சூழலில் அதே தாளத்தைக் கொண்டு வேறுபட்ட ஒன்றைச் செய்ய எண்ணியதாகவும், தபலாவுக்குப் பதிலாக டிஸ்கோ தாளத்தை அமைத்து இராகங்களை வாசித்ததாகவும் சிங் பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

பயன்படுத்திய கருவிகள்

இத்தொகுப்பில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகள் பயன்படுத்தப்பட்டன.

ஜூப்பிட்டர்-8: ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்கவல்ல சிந்தசைசர். இராகத்தின் மெட்டு இதில் கையால் வாசிக்கப்பட்டது.

டிஆர்-808: தாள இயந்திரம். முரசு, கைத்தட்டல் போன்ற ஒலிகளை மின்சுற்றுகள் மூலம் உருவாக்கி, பதிந்து வைத்த தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

டிபி-303: ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் ஒலிக்கும் பேஸ் இயந்திரம். பேஸ் கிட்டார் கலைஞர் இல்லாதபோது அதற்கு மாற்றாகப் பயன்படும் நோக்கில் வடிவமைக்கப்பட்டது.

டிபி-303 இல் சுரங்களை வரிசையாகப் பதிந்து வைக்கலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லுமாறும், குறிப்பிட்ட சுரம் அழுத்தமாக ஒலிக்குமாறும் அமைக்க இயலும். அதிலுள்ள வடிகட்டி உயர் அதிர்வெண்களைக் குறைத்து, வெட்டும் எல்லையில் உள்ள அதிர்வெண்களை மிகுவிக்கிறது. இதன் குமிழைத் திருகினால், வாயைத் திறந்து மூடுவது போன்ற நெளிவான ஒலி உண்டாகிறது. இந்த வழுக்கல் கருநாடக இசையின் ஜாரு என்னும் கமகத்தையும், இந்துஸ்தானி இசையின் மீண்ட் என்னும் அசைவையும் நினைவூட்டக்கூடியது.

இராகங்கள்

ஒவ்வொரு இராகமும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் வாசிக்கப்படுகிறது. குரலிசைப் பாடல்களோ நாண்களின் தொடர் மாற்றமோ இல்லை. மெட்டு முழுவதும் இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே நகர்கிறது. தொகுப்பில் உள்ள சில இராகங்களும், அவற்றின் சுர அமைப்புக்கு இணையான அல்லது நெருக்கமான கருநாடக இராகங்களும்:

யமன் – கல்யாணி
பூபாளி – மோகனம்
மால்கௌன்ஸ் – இந்தோளம்
தோடி – சுபபந்துவராளி
மதுவந்தி – தர்மவதி
கலாவதி – வலஜி
மேக் மல்கார் – மத்தியமாவதி
பைராகி – ரேவதி

பெயர் ஒற்றுமையைக் கொண்டு இவற்றை ஒன்றெனக் கொள்ளலாகாது. பூபாளி என்பது கருநாடக இசையின் பூபாளம் அன்று. இந்துஸ்தானி தோடியும் கருநாடகத் தோடியும் வெவ்வேறு சுரங்களைக் கொண்டவை.

ஆசிட் ஹவுஸ் இசையுடன் ஒப்பீடு

டிபி-303 வணிக அளவில் தோல்வியடைந்து 1984 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பழைய கருவிகள் மலிவான விலைக்குக் கிடைத்தன. சிகாகோவைச் சேர்ந்த ஃபியூச்சர் குழுவினர் அவ்வாறு கிடைத்த கருவியின் குமிழ்களைத் தொடர்ந்து திருகி உருவாக்கிய 'ஆசிட் டிராக்ஸ்' 1987 இல் வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கு இதுவே தொடக்கமாகக் கருதப்படுகிறது. சிங்கின் தொகுப்பு இதற்கு ஐந்து ஆண்டுகள் முற்பட்டது.

இதனால் ஆசிட் ஹவுஸ் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சிலர் கூறுவதுண்டு. ஆயினும் சிகாகோ கலைஞர்கள் இத்தட்டைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை. இரண்டுக்கும் அடிப்படையான வேறுபாடும் உண்டு. ஆசிட் டிராக்ஸில் பேஸ் இயந்திரத்தின் ஒலி மாற்றமே பத்து நிமிடத்துக்கும் மேலாக இசையின் மையமாக உள்ளது. சிங்கின் தொகுப்பில் மையம் இராகமே. பேஸ் இயந்திரம் அதற்குப் பக்கவாத்தியமாக அமைகிறது.

எனவே ஒற்றுமைக்கான காரணத்தைக் கருவியிலும் இசை மரபிலும் தேடுவதே பொருத்தமானது. இராக இசை ஆதார சுருதியை மாற்றுவதில்லை; சுழன்று வரும் தாளத்தின் மேல் ஒரே மெட்டு வடிவைப் படிப்படியாக விரிக்கிறது. பதிந்ததைத் திரும்ப ஒலிக்கும் இயந்திரங்களுக்கு இம்முறை இயல்பாகவே பொருந்தியது. சிகாகோவின் நடன அரங்குகளும் இடைவிடாத மீள்நிகழ்வையே விரும்பின. இரு வேறு தேவைகள் ஒரே கருவியை நாடியதால் ஒத்த ஒலி பிறந்தது. ஒன்று மற்றொன்றின் மூலம் அன்று என்பதால் சிங்கின் பணி சிறுமையடைவதில்லை. ஒருவர் தம் மரபை முழுமையாக அறிந்திருந்ததால் புதிய கருவியின் இயல்பைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார் என்பதே இதன் சிறப்பு.

மறுவெளியீடும் பின்னாளும்

நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பாவ்மன் இத்தட்டை இந்தியாவில் கண்டெடுத்து, சிங்கைத் தேடிச் சந்தித்தார். 2010 இல் தமது பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் மூலம் அதை மறுவெளியீடு செய்தார். 1982 இல் இத்தகைய ஒலி உருவாகியிருக்க முடியாது என்று ஐயுற்ற சிலர், மின்னணு இசைக்கலைஞர் ஒருவர் செய்த போலி இது என்றும் கருதினர். எழுபது வயதைக் கடந்த நிலையில் சிங் ஐரோப்பிய மேடைகளில் இவ்விராகங்களை வாசித்தார். 2015 சூலையில் மும்பையில் காலமானார்.

தமிழ்த் திரையிசையிலும் 1980களில் மின்னணுக் கருவிகள் இடம்பெறத் தொடங்கின. இளையராஜா இசையமைத்த புன்னகை மன்னன் (1986) படத்தின் கருப்பொருள் இசை இதற்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டாகும். திரைப்படத்தின் துணையால் அவ்வொலி மக்களிடம் சென்றடைந்தது. படமோ பாடகரோ இல்லாத சிங்கின் தொகுப்புக்கு அத்துணை வாய்க்கவில்லை.