மரம் ஏறும்போது அரிவாள் எங்கே இருக்க வேண்டும்?

தென்னை ஏறுபவர்களில் பலர் இன்றும் அரிவாளை உறையில்லாமல் இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டே ஏறுகிறார்கள். கால் வழுக்கினால் அந்த அரிவாள் அவரையே வெட்டும். நழுவினால் கீழே காய் பொறுக்குபவருக்கு ஆபத்து. பனையேறிகள் இதற்காகவே இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டினார்கள்.

எந்த உறை நல்லது?

தோல் உறை உடம்போடு படியும், உறுத்தாது. ஆனால், வியர்வையையும் மழை ஈரத்தையும் பிடித்துவைத்து இரும்பைத் துருவேற்றும். வேலை முடிந்ததும் அரிவாளைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள்.

பி.வி.சி குழாயிலும் செய்யலாம். கொதிக்கும் நீரில் வைத்தால் இளகும். இரு பலகைகளுக்கு நடுவே அழுத்தித் தட்டையாக்குங்கள். தீயில் காட்டாதீர்கள், புகை நஞ்சு. தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை விடுங்கள்.

மூக்கு வளைந்த அரிவாளுக்கு உறையின் வாய் அகலமாக இருக்க வேண்டும். அப்போது பிடி தளரும் என்பதால், கைப்பிடியைச் சுற்றி ஒரு வார் அவசியம்.

எப்படிக் கட்டுவது?

கைலி மடிப்பு வேண்டாம்; தனி பெல்ட் கட்டுங்கள். முதுகெலும்புக்கு நேராக இல்லாமல், வெட்டும் கையின் பக்கம், சற்றுப் பின்னால் தொங்கட்டும். கூர்முனைப் பக்கம் உடம்பைப் பார்க்கக் கூடாது. உறையில் இரண்டு கண்ணிகள் வைத்தால் சாய்வை மாற்றலாம்.

ஏறும் முன் தரையிலேயே சோதியுங்கள். குந்துங்கள், குனியுங்கள், குதியுங்கள். அரிவாள் அசையாமல் இருந்து, ஒரு கையால் எடுக்கவும் திரும்பச் செருகவும் முடிந்தால் அந்த உறை உங்களுக்குச் சரி.