நாற்பத்தெட்டு மணித்தியாலக் கணக்கு

வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி வானொலியில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி சில நேயர்கள் கேட்டிருந்தார்கள்.

மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து ரோவிலுக்கு ரயில் இல்லை; 900ஆம் இலக்க பஸ்தான். இரவில் ஸ்ரட் பார்க்கில் அந்த பஸ்ஸால் இறங்கும் பிள்ளைகளில் சிலர் எங்கள் வீடுகளில் அறை எடுத்திருப்பவர்கள். ஊரில் நன்றாகப் படித்த பிள்ளை இங்கே ஏன் தடுமாறுகிறது? குளிர், சாப்பாடு, ஆங்கில உச்சரிப்பு என்று சொல்வோம். அவை ஆறு மாதத்தில் பழகிவிடும். கணக்காளனாகிய என் கண்ணில் படுவது வேறு.

2024 மே 10 முதல் மாணவர் வீசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 டொலர் காட்டவேண்டும். காணியை ஈடு வைத்தும் கடன்பட்டும் காட்டிய காசு அது. வந்ததும் வேலை தேட வேண்டியிருக்கிறது. படிப்பு நடக்கும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் கட்டுப்பாடு இல்லை.

வரிக்கணக்குக் கேட்டு ஒரு மாணவர் என்னிடம் வந்தார். சம்பளச் சிட்டை இல்லை. கையில் மணிக்கு 12 டொலர். கடை எங்கள் ஆட்களுடையது. 2025 ஜூலை 1 முதல் வயது வந்தவருக்கான தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர், நிரந்தரமில்லாத வேலைக்கு அதற்கு மேல் 25 சதவீதம். 48 மணித்தியாலத்துக்குக் குறைந்தது 1,197 டொலர் வரவேண்டிய இடத்தில் அவருக்கு வருவது 576. வாடகைக்குப் போதாது. ஆகவே 70 மணித்தியாலம் நின்றார். அத்தோடு வீசா நிபந்தனை மீறப்பட்டது. "வாய் திறந்தால் வீசா போயிடும் அங்கிள்" என்றார். குறைந்த சம்பளமே அவரை மீற வைத்தது; மீறியதே அவரை ஊமையாக்கியது. இரண்டு பாடங்களிலும் தவறிவிட்டார்.

இந்தப் பிள்ளைகள் அறியவேண்டியவை சில. எந்த வீசாவில் இருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றுதான். சம்பளம் தந்து ஒரு வேலைநாளுக்குள் சிட்டை தரவேண்டும். 2022 ஜூலை முதல், 18 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சிறு சம்பளமானாலும் சூப்பர் கட்டவேண்டும். நாட்டை விட்டுப் போகும்போது வரி கழித்து அதைப் பெறலாம். சுரண்டலை முறையிடுவோரின் வீசாவைப் பாதுகாக்க 2024இல் புதிய ஏற்பாடுகளும் வந்துள்ளன. ஃபெயார் வேர்க் அலுவலகத்தின் தொலைபேசி 13 13 94. தமிழில் பேச 131 450இல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கடைக்காரரின் சிரமமும் எனக்குத் தெரியும். அவர்களின் கணக்கும் நான்தான் பார்க்கிறேன். ஆனால் நாங்கள் அகதிகளாக வந்தபோது மெடிகெயார் இருந்தது, இலவச ஆங்கில வகுப்பு இருந்தது, கொடுப்பனவு இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அவை ஒன்றும் இல்லை. இருப்பது நாங்கள் மட்டுந்தான்.

உங்கள் வீட்டு அறையில் ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: மணிக்கு எவ்வளவு? சிட்டை தருகிறார்களா? உங்களுக்குக் கடை இருந்தால், அதே கேள்விகளை உங்களிடமே கேளுங்கள்.