கல்லூரிக்கு மாணவர் போடும் மதிப்பெண்

பிள்ளைக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததும் பெற்றோர் விசாரிப்பது கட்டணத்தையும் கட்டடத்தையும்தான். கட்டடத்துக்கு ஜொகூரில் குறைவில்லை. பிரிட்டனின் நியூகாசல் பல்கலைக்கழகம் 2011இல் நூசாஜெயாவில், அதாவது இன்றைய இஸ்கண்டார் புத்ரியில், மருத்துவ வளாகம் திறந்தது. மோனாஷ் பல்கலைக்கழக மாணவர்களும் ஜொகூர் பாருவில் மருத்துவமனைப் பயிற்சி பெற்று வந்துள்ளனர்.

ஆனால், உள்ளே படிக்கிறவருக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது? இதை அளக்க ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் உருவாக்கி, 1997இல் வெளிவந்த படிவம் ஒன்று பல நாடுகளில் பயன்படுகிறது. சுருக்கமாக 'டிரீம்' என்பார்கள். மொத்தம் 50 வாசகங்கள். ஒவ்வொன்றையும் மாணவர் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறார் என்பதற்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆக, 200க்கு கணக்கு. 50க்குள் என்றால் நிலைமை மிக மோசம். 150ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு. பாடம், ஆசிரியர், தன்னம்பிக்கை, சூழல், நட்பு என எல்லாமே அதில் அடங்கும். தங்குமிடம் வசதியா, தனிமை வாட்டுகிறதா என்றுகூட அது கேட்கிறது.

இதில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது தவறு. 200க்கு 130 வாங்கிய கல்லூரியிலும் ஒரு வாசகத்துக்கு மட்டும் சராசரி 2க்குக் கீழே விழுந்திருக்கலாம். கோளாறு அங்கேதான். மன அழுத்தத்தில் தவிக்கும் மாணவருக்கு உதவி கிடைக்கிறதா என்ற வாசகம் பல நாடுகளிலும் அப்படி அடிவாங்குவது வழக்கம்.

ஆசிரியர்கள் மாணவரைக் கேலி செய்கிறார்களா என்றும் படிவம் கேட்கிறது. சின்ன விஷயமாகத் தோன்றலாம். தொடக்க ஆண்டுகள் வகுப்பறையில் கழிந்ததும் மாணவர் வார்டுக்குப் போகிறார். நோயாளியின் கட்டிலருகே, எல்லார் முன்னிலையிலும், மருந்தின் அளவைச் சொல்லத் தெரியாமல் விழிக்கிறார். அங்கே அவமானப்பட்டவர் மறுநாள் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய்விடுவார். சந்தேகம் வந்தாலும் வாய் திறக்க மாட்டார். அதே மாணவர் பட்டம் பெற்று, 2 ஆண்டுக் கட்டாயப் பயிற்சி மருத்துவராக இரவு 2 மணிக்கு வார்டில் நிற்கும்போது, மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் மூத்த மருத்துவரை எழுப்பிக் கேட்பாரா? கேட்காமல் விட்டால் பாதிப்பு நோயாளிக்கு. 2022இல் பினாங்கில் பயிற்சி மருத்துவர் ஒருவர் இறந்த பிறகு, மருத்துவமனைகளில் பகடிவதை பற்றி ஆராய சுகாதார அமைச்சு பணிக்குழு அமைத்தது. அந்தப் பேச்சு பட்டம் வாங்கிய பின்னர் அல்ல, படிக்கும் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

டண்டீ படிவத்தில் இல்லாத கேள்வியும் ஒன்று உண்டு: மொழி. பாடம் ஆங்கிலத்தில். வார்டில் படுத்திருப்பவரோ மலாய் பேசுவார், சீனம் பேசுவார், குளுவாங் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியாக இருந்தால் தமிழ் மட்டுமே பேசுவார். நெஞ்சு "கரிக்குது" என்று பாட்டி சொல்வதைத் தமிழ் தெரிந்த மாணவர் உடனே புரிந்துகொள்வார். பக்கத்தில் நிற்கும் தோழருக்கு அதை விளக்க அவர்தான் வார்த்தை தேட வேண்டும்.