களத்தில் நிற்கும் பிக்கப் வண்டியைக் களவினின்று காத்தல்

முற்காலத்தில் மதுரை ஜில்லாவிலும் அதைச் சூழ்ந்த சீமைகளிலும் உழவு மாடு களவுபோனால், சொந்தக்காரர் இரகசியமாகத் துப்புக் கூலி கொடுத்து அதனை மீட்டுக்கொள்வதுண்டு. அது இழிந்த வழக்கமேயாயினும் மாடு கொட்டிலுக்குத் திரும்பிற்று. இக்காலத்தில் அந்த மாட்டின் ஸ்தானத்தை வகிக்கும் பிக்கப் வண்டிக்கு அந்தக் கதியும் இல்லை. களவுபோன வண்டி விரைவிலேயே என்ஜின், கியர் பெட்டி, டயர் எனப் பிரிக்கப்பட்டுவிடலாம். அல்லது சேஸிஸ் நம்பர் தேய்க்கப்பட்டு வேறு மாநிலம் போய்ச் சேரலாம். 2005ஆம் வருஷத்தில் டாட்டா ஏஸ் என்னும் ‘குட்டி யானை’ வெளிவந்தது முதல் இவ்வகைச் சிறு வண்டிகள் கிராமங்களில் மலிந்துவிட்டமையால், மிராசுதார்கள் இவ்விஷயத்தில் சிரத்தை கொள்வது அவசியமாகும்.

திருடனுக்குப் பேருதவி புரிவது சாவியே. வயலோரத்தில் காய்கறி மூட்டை ஏற்றுகையில் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவதும், பம்புசெட் அறையில் ஆணியில் மாட்டி வைப்பதும் சாதாரணமாகக் காணப்படுகின்றன. சாவியில் மின்னணுச் சில்லு பொருத்திய புதிய வண்டிகளை வேறு சாவியால் எளிதில் கிளப்ப முடியாது. ஆனால் அசல் சாவியே கைக்கு எட்டுமாயின் அந்த ஏற்பாட்டால் யாது பயன்? 2023ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு கவனிக்கத்தக்கது. லாரி டிரைவர் ஒருவர் வழி விசாரிக்கச் சாவியை விட்டு இறங்கினார், லாரி போய்விட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. நெடுங்கால வியாஜ்யத்திற்குப் பின் உடையவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 75 பங்கே. இரண்டாம் சாவியையும் வீட்டில் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். நஷ்டஈடு கோருங்கால் கம்பெனியார் இரு சாவிகளையும் கேட்பர்.

இரவில் வண்டியின் முகத்தைச் சுவருக்கு நேராக நிறுத்தி, ஸ்டீரிங்கைத் திருப்பிப் பூட்டு விழும்படி செய்க. பின்சக்கரத்தின் துவாரத்தில் கனத்த சங்கிலி கோத்துக் கல்தூணுடன் பிணைத்தல் செலவு குறைந்த உபாயம். பாட்டரி ஒயரில் மறைவானதொரு துண்டிப்பு ஸ்விட்ச் வைக்கலாம், வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருப்பின் அதற்குத் தனிப் பாட்டரி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்க. பாட்டரியையும் ஸ்டெப்னியையும் மட்டும் கழற்றிச் செல்வோரும் உளர். ஆகவே சில வண்டிகளில் பக்கவாட்டில் அமைந்துள்ள பாட்டரிப் பெட்டி சுவரை ஒட்டி நிற்பது நலம். ஆளரவமற்ற களத்தில் விளக்கு மாத்திரம் போட்டு வைப்பது, களவாளிக்கு வெளிச்சம் காட்டுவதேயாம்!

இவ்வளவு செய்தும் வண்டி போய்விட்டால், உறவினரை அனுப்பித் தேடிக்கொண்டு நாள் கடத்தலாகாது. உடனே போலீஸில் எழுதிக் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகல் பெறவேண்டும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நிகழ்ந்திருப்பினும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். டிராக்டரைப் பறிகொடுத்த ஒருவர் அன்றே போலீஸில் தெரிவித்திருந்தமையால், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்னும் காரணத்தால் மட்டும் நஷ்டஈட்டை மறுக்கலாகாதென 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டியவருக்கோ களவுக்கு ஒரு காசும் கிடையாது.

புகாரில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பரைக் கேட்கும்பொழுது பலர் விழிக்கின்றனர், ஆர்.சி. புத்தகம் வண்டியோடேயே போயிருக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் கிராமத்து வண்டிக்காரர்களிடம், அந்நம்பரையும் என்ஜின் நம்பரையும் குறித்து நிலப் பத்திரங்களோடு வீட்டில் வைத்துக்கொள்ளும்படி இந்த அறுவடைக்கு முன்பே சொல்லிவைப்பாராக.