காற்றின் தயவு

எவர்சில்வர் தகட்டைக் கேஸ் கட்டிங்கில் அறுக்க முடியாதென்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டாராம். காரணம் கேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பட்டறைக்காரர் சொன்னது மெய்தான். அந்த முறையில் ஆக்ஸிஜன் பட்டு இரும்பே எரிகிறது. எரிந்த கசடு இரும்பைவிடக் குறைந்த உஷ்ணத்தில் உருகி ஓடிவிடுகிறது. எவர்சில்வரிலோ எளிதில் உருகாத குரோமிய ஆக்ஸைடு கவசம்போல் மறித்துக்கொள்கிறது. அதை உருக்கியே தீரவேண்டும். 1957-ல் அமெரிக்காவில் ராபர்ட் கேஜ் உரிமம் பெற்ற டார்ச்சின் வழிவந்த பிளாஸ்மா யந்திரம் அதைத்தான் செய்கிறது: செம்பு நாசிலின் சிறு துவாரத்தில் வாயுவையும் மின்சாரப் பொறியையும் நெருக்கிச் செலுத்த, வாயு ஏறத்தாழ 20,000 டிகிரி உஷ்ணமுள்ள பிழம்பாகப் பாய்ந்து, உலோகத்தை உருக்கி, உருகியதை ஊதியும் தள்ளிவிடுகிறது.

ஆனால் என் மனம் லயித்தது அந்த நாசிலில்தான். செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடக்கூடியது. அப்படியிருக்க, ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள அதன் துவாரத்தில் அத்தனை உஷ்ணம் புகுந்து வெளியேறியும் அது உருகாமல் நிற்பது எப்படி? வாயுவை உள்ளே சுழலவிட்டு அனுப்புகிறார்கள். டவராவில் காபியைச் சுழற்றினால் நுரை நடுவில் திரளும், அல்லவா? அதுபோலக் குளிர்ந்த கனமான வாயு செம்புச் சுவரை ஒட்டிக்கொள்ள, லேசான பிழம்பு நடுவிலேயே ஓடுகிறது. இந்தச் சுழற்சியால் விளையும் விசித்திரம் ஒன்று உண்டு. வலஞ்சுழியாகச் சுழலும் டார்ச், தான் நகரும் திசைக்கு வலப்புறம் நேராகவும் இடப்புறம் சற்றுச் சரிவாகவும் அறுக்கும். ஆகவே தேர்ந்த கைகாரர் வெளிவிளிம்பை வலமாகவும், உள்ளே உள்ள துளையை இடமாகவும் சுற்றி அறுத்து, சரிந்த பக்கத்தைக் கழிவுத் தகட்டுக்குத் தள்ளிவிடுவார்.

பிழம்பு நடுவில் ஓடவேண்டுமானால், அது புறப்படும் எலக்ட்ரோடின் முனையில் பதித்த கடுகளவு ஹாஃப்னியம் என்ற உலோகமும் ஒழுங்காக இருக்கவேண்டும். அது தேய்ந்து தேய்ந்து குழியாகும். குழி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றிவிடுவதே நல்லது. வாயுவாகச் செலுத்தும் காற்றிலுள்ள ஈரம் அதன் ஆயுளைக் குறைக்கும். அந்தக் காற்றைத் தரும் கம்ப்ரசரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்துவிட ஒரு நிமிஷமே பிடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அநேகப் பட்டறைகளில் பஞ்சம்.

சென்ற மாதம் ஒரு பட்டறையில் நின்றிருந்தபோது, சுடரில் திடீரென்று பச்சை தெரிந்தது. செம்பு எரிகிறதே என்றேன். "இன்னும் ரெண்டு தகடு தாங்கும் சார்" என்றார் தொழிலாளி. முதல் தகடு முடிவதற்குள் சுடர் சீறி அணைந்தது. நாசிலைக் கழற்றிக் காட்டினார்: வட்டமாக இருந்த துவாரம், வேப்பங்கொட்டை வடிவில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.